டைப்பிஸ்ட் தட்டவில்லை

மாஸ்டருக்குப் பயம் என்பதே கிடையாது என்று சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும். கிளாஸ் முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். ஜூடோ கூடத்தின் நடுவில், பாயின் மேல், மடியில் ஒரு பெரிய மூக்குக்கண்ணாடிப் பெட்டியோடு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். தொண்ணூறு கிலோ ஆளை இடுப்பில் ஏற்றிப் புரட்டிப் போடுகிற கை அவளுடையது. அந்தக் கை பெட்டியின் மூடியைத் திறந்தபடியே நின்றுபோயிருந்தது.

பெட்டியைக் கொடுத்தவன் அவளுடைய தம்பி. அதில் என்ன இருந்தது என்று சொல்வதற்கு முன், காலையில் அந்தப் பாயில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

டயர் கடைக்கு மேல்மாடியில் பன்னிரண்டு வருஷமாக நடக்கிறது அந்தக் கூடம். சனிக்கிழமைதோறும் கழுத்துப்பிடி பழகுவார்கள். ஒருவர் மற்றவரின் சட்டைக் காலரைப் பிடித்துக் கழுத்தை இறுக்குவார். தாங்க முடியாதபோது, பிடித்தவர் மேலோ பாயின் மேலோ இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். தட்டுக் கேட்ட மறுநொடி பிடியை விட்டுவிட வேண்டும். ஜெயிக்கிற நேரமாக இருந்தாலும் சரி, கோபத்தில் கண் சிவந்திருந்தாலும் சரி, கை தானாகப் பிரிய வேண்டும். யோசித்துப் பிரிகிற கை அவளுக்கு ஆகாது. புதிதாக வருகிறவர்களுக்கு முதல் ஒரு மாதம் இதே பாடம்தான். தட்டு, விடு. தட்டு, விடு. தூக்கத்தில் முதுகைத் தட்டினால்கூடப் பிடித்த போர்வையை விடுகிற அளவுக்குப் பழக்கிவிடுவாள்.

இவ்வளவு நல்ல சட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கிறுக்குத்தனமான வழக்கத்தையும் அவளே ஏற்படுத்தி வைத்திருந்தாள். அன்றைக்கு யார் கடைசிவரை தாங்கிக்கொண்டு தாமதமாகத் தட்டுகிறார்களோ, அவர்கள் பெயரைக் கரும்பலகையில் எழுதுவாள். மேலே 'இந்த வார இரும்புக் கழுத்து' என்று ஒரு தலைப்பு. எல்லோரும் கைதட்டுவார்கள். விளையாட்டுக்குத்தான். விளையாட்டு என்று சொல்லிக்கொண்டு நாம் செய்கிற காரியங்களுக்கு ஒரு கணக்கே இல்லை.

தம்பி கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். நாற்பது வயது. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஷேவ் பண்ணுவதற்குக்கூடத் தெம்பில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அவன் மனைவி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டிப்ரஷன் என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதத்தில் எழுந்து உட்கார்ந்தான், கடைக்கும் போனான். ஆனால் மாத்திரையில் விரல் லேசாக நடுங்குகிறது, கண்ணாடியின் பொடித் திருகு கையில் நிற்கவில்லை என்று அக்காவிடம் வந்து அழுதான்.

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள்.

"அதை விட்டுத் தொலைடா. நம்ம கிளாஸுக்கு வா. வேர்வை சிந்தினா எல்லாம் சரியாயிடும். என்னைப் பாரு."

பார்க்கிற மாதிரித்தான் இருந்தாள். கல்யாணம் முறிந்த வருஷம் அவளைத் தூக்கி நிறுத்தியது இந்தப் பாய்தான். தனக்குக் கேட்ட மருந்து ஊருக்கெல்லாம் கேட்கும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது.

அவன் வந்தான். உண்மையைச் சொல்லவேண்டும், நன்றாகவும் ஆனான். பசித்தது, தூக்கம் வந்தது, நாலு பேரோடு சிரித்தான். கழுத்தில் துணி பட்டாலே படபடவென்று தட்டிவிடுவான். அதைப் பார்த்து அவனுக்கு 'டைப்பிஸ்ட்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். "டைப்பிஸ்ட் வந்தாச்சு, பேப்பர் மாட்டுங்கப்பா!" என்பார் அவனோடு ஜோடி சேருகிற பேக்கரிக்காரர். அவனும் சிரிப்பான். ஏழெட்டு மாதம் இப்படிப் போயிற்று. மாத்திரை எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது.

ஒன்றரை மாதத்துக்கு முன்பிருந்து டைப்பிஸ்ட் தட்டுவதைக் குறைத்துக்கொண்டான். முகம் சிவந்து நரம்பு புடைக்கிறவரை பேசாமல் இருப்பான். "டைப்பிஸ்ட் ரிடையர் ஆயிட்டாருப்பா" என்று கூடமே கொண்டாடியது. நாலு சனிக்கிழமை தொடர்ந்து பலகையில் அவன் பெயர்தான். அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை, அதாவது அன்று காலை, அவன் தட்டவே இல்லை. பேக்கரிக்காரர் பயந்துபோய்த் தானாகப் பிடியை விட்டார். அதற்குள் நினைவு தப்பிவிட்டது. ஐந்தாறு நொடிதான். காலைத் தூக்கிப் பிடித்து, கன்னத்தில் தட்டியதும் கண் விழித்தான். சுற்றி நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

"ஏன் எழுப்பினீங்க?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். போய்ப் பலகையில் அவன் பெயரை எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தாள். பேக்கரிக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. போகும்போது அவளைத் தனியே கூப்பிட்டார்.

"மாஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. இனிமே உங்க தம்பியோட என்னை ஜோடி போடாதீங்க."

"ஏண்ணே, பயந்துட்டீங்களா?"

"ஆமா, பயந்துட்டேன். நான் இறுக்குறேன், அவரு கண்ணைத் திறந்து வச்சிக்கிட்டு மேலே பார்க்கிறாரு. தாங்கிக்கிற மூஞ்சி இல்லைங்க அது. பஸ்ஸுக்குக் காத்துக்கிட்டிருக்கிற மூஞ்சி."

"நீங்க ஒண்ணு" என்று அவர் முதுகில் ஒன்று வைத்து அனுப்பினாள். பிறகு பாயைத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்துக்கொண்டே மூலைக்குப் போனபோது, அலமாரியின் மேல் தம்பியின் ஜூடோ சட்டை மடித்து வைத்திருந்தது. மேலே பெல்ட். சட்டையை யாரும் இங்கே விட்டுப் போவதில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து எடுத்து வருவதுதான் முறை. மறந்திருப்பான் என்று நினைத்தாள். மறந்தவன் இவ்வளவு நேர்த்தியாக மடிப்பானா என்றும் நினைத்தாள்.

அப்போதுதான் கிளாஸ் தொடங்குமுன் அவன் கொடுத்த பெட்டி ஞாபகம் வந்தது. "உனக்குப் புதுக் கண்ணாடி-க்கா. சாவகாசமா போட்டுப் பாரு" என்றிருந்தான்.

உள்ளே மூன்று கண்ணாடிகள் இருந்தன. மூன்றும் அவளுக்குப் பிடித்த அதே பழுப்பு ஃபிரேம். ஒவ்வொன்றின் காதுக் கம்பியிலும் நூல் கட்டி ஒரு துண்டுச்சீட்டு. பொடி எழுத்தில் தம்பியின் கை. முதல் சீட்டில் 'இப்போதைக்கு' என்றிருந்தது. அடுத்ததில் 'ரெண்டு வருஷம் கழிச்சு'. மூன்றாவதில் 'அதுக்கும் அப்புறம்'.

அவளுக்கு நாற்பத்து நாலு வயது. படிக்கிற கண்ணாடிக்கு இந்த வயதில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பவர் ஏறிக்கொண்டே போகும் என்று அவன்தான் சொல்லியிருக்கிறான். "ஏறினா வா, மாத்தித் தரேன்" என்பான் எப்போதும். இப்போது வரவே வேண்டாம் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே தேய்த்துக் கொடுத்துவிட்டான். போன வாரம் கிளாஸில் அத்தனை பேருடைய கண்ணாடியையும் வாங்கித் திருகு முடுக்கிக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. எவ்வளவு நல்ல பிள்ளை என்று அன்றைக்குப் பெருமைப்பட்டாள்.

அவன் முடித்துக்கொண்டு கிளம்புகிறான். எல்லோருக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டுக் கிளம்புகிறான்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். முழுவதும் அடித்து ஓய்ந்தது. கூரியர் ஆபீஸில் வேலை செய்கிற தம்பி மனைவிக்கு அடித்தாள்.

"அவன் கடைக்குப் போயிட்டானாம்மா?"

"இல்லையே-க்கா, இன்னைக்கு லீவு போட்டிருக்காரே. சாயங்காலம் வரைக்கும் உங்ககூடத்தான் இருப்பேன்னு சொன்னாரு." பிறகு குரல் மாறிவிட்டது. "அக்கா? உங்ககூட இல்லையா?"

"நான் உங்க வீட்டுக்குப் போறேன். நீயும் கிளம்பு" என்று மட்டும் சொன்னாள். மேலே சொன்னால் தானே அழுதுவிடுவாள் போலிருந்தது.

செருப்புப் போட மறந்து, ஜூடோ பேண்ட்டோடு ஸ்கூட்டரில் ஏறினாள். சாவி துவாரத்தில் நுழைய மாட்டேன் என்றது. முதல் சிக்னலில் சிவப்பு. பதற்றம் வந்தால் மூச்சை எண்ணு, பத்துவரை எண்ணு என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளுக்கு மூன்றுக்கு மேல் எண் வரவில்லை. மூன்று, மூன்று, மூன்று என்று அதிலேயே நின்றது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தபோதுதான் பச்சை விழுந்ததே தெரிந்தது. கிளாஸ் முடிந்து அவன் கிளம்பி முக்கால் மணி நேரம் ஆகிறது. முக்கால் மணி நேரத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று மனசு ஒவ்வொன்றாகக் காட்டியது. கடவுளே, கொஞ்சம் பொறு, நான் வந்துவிடுகிறேன் என்று வாய்விட்டே சொன்னாள். கடவுளிடம் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

தம்பி வீடு இரண்டாவது மாடி. அவன் படுத்துக் கிடந்த காலத்தில் தம்பி மனைவி கொடுத்து வைத்த சாவி அவளிடம் இருந்தது. உள்ளே கூடம் பெருக்கியிருந்தது. பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. மேசையில் கரண்ட் பில், காஸ் புத்தகம், வீட்டுப் பத்திரம் எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தது.

படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. அதன் தாழ்ப்பாள் உடைந்து வெகுநாளாகிறது. ஊரார் கண்ணாடிக்கெல்லாம் திருகு மாட்டுகிறவன் தன் வீட்டுத் தாழ்ப்பாளுக்கு நாலு திருகு மாட்டவில்லை. சோம்பேறி என்று அதற்கும் கிண்டல் செய்திருக்கிறாள். இன்று அந்தத் தாழ்ப்பாள் உடைந்திருந்ததுதான் அவள் செய்த புண்ணியம்.

கதவைத் தள்ளினாள். நாலு விரற்கடை திறந்தது. உடனே உள்ளிருந்து யாரோ தள்ளிச் சாத்தினார்கள். உயிரோடு இருக்கிறான். அந்த ஒரு நொடி அவளுக்குச் சந்தோஷத்தில் தலை சுற்றியது.

"நான்தான்டா. திற."

"போ-க்கா."

"திறடா!"

"போயிடு-க்கா. ப்ளீஸ். கொஞ்ச நேரம்தான்."

குரலில் அழுகை இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. தோளைக் கொடுத்துத் தள்ளினாள். கதவு அசைந்தது, நின்றது. அவன் காலை அகட்டி, எடையை இறக்கி, இரண்டு கையாலும் கதவின் கைப்பிடியைப் பற்றி நிற்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரியாமல் என்ன, எல்லாம் அவள் சொல்லிக் கொடுத்தது.

வாய் பழக்கத்தில் பேசியது. "என்னடா இது? தைரியமா இருக்க வேணாமா? அஞ்சு வாரமா நீதான்டா இரும்புக் கழுத்து!"



"தைரியம் எல்லாம் இல்லை-க்கா" என்றான். "இருட்டிக்கிட்டு வருமே, அந்த ரெண்டு செகண்ட்தான் வாரத்துலயே எனக்கு நிம்மதி. அதுக்காகத்தான் வந்தேன். நீங்க கைதட்டினீங்க. சரி, சொல்ல வேணாம்னு விட்டுட்டேன்."

அவள் நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். ஐந்து வாரம். ஐந்து வாரமாக அவன் எல்லோர் கண்முன்னாலும் சாகப் பழகிக்கொண்டிருந்தான், அவள் பலகையில் பெயர் எழுதி அடிக்கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் முட்டினால் கதவை உடைத்துவிடலாம். உடைக்கிற நேரத்தில் உள்ளே அவன் என்ன செய்வான் என்று நினைத்ததும் முட்டுவதை விட்டாள். பலத்தால் ஆகிற காரியம் இல்லை. புத்திமதியால் ஆகிற காரியமும் இல்லை. அவளுக்குத் தெரிந்தவை அந்த இரண்டும்தான்.

முழந்தாளிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையை விரித்துக் கதவில் தட்டினாள். பட். பட்.

பன்னிரண்டு வருஷத்தில் ஜூடோ கூடத்தில் மாஸ்டர் தட்டி யாரும் பார்த்ததில்லை.

பிடி தளர்ந்தது. அவன் யோசித்து விடவில்லை, யோசித்திருந்தால் விட்டிருக்க மாட்டான். பத்து மாதம் பழகிய கை தானாகப் பிரிந்தது. கதவு தன்னால் திறந்துகொண்டது. அவன் தன் கைகளையே ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கட்டிலின் மேல் என்ன தயாராக இருந்தது என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதற்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னால முடியலைடா" என்றாள். "உன்னைச் சரி பண்றது எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி பேசிட்டேன். மாத்திரையை விடச் சொன்னேன். பெரிய தப்புடா. எனக்குப் பயமா இருக்கு."

"நீ தட்டினதே இல்லையே-க்கா" என்றான் அவன். அது ஒன்றுதான் அவனுக்குப் புரியவில்லை போலிருந்தது.

மணிக்கட்டை விடாமலே, இன்னொரு கையால் பேக்கரிக்காரருக்கு அடித்தாள். ஏன் எதற்கு என்று அவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. பத்து நிமிஷத்தில் ரொட்டி வண்டியோடு வந்து நின்றார். அதற்குள் தம்பி மனைவியை நேரே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டாள். பின்பக்கம் டிரேக்களுக்கு நடுவில் அக்காவும் தம்பியும் தரையில் உட்கார்ந்துகொண்டார்கள். சூடான ரொட்டி வாசனை வண்டி முழுக்க இருந்தது. வளைவு திரும்பும்போதெல்லாம் தம்பி அவள் மேல் சாய்ந்தான். நிமிர்ந்து உட்கார அவனுக்குத் தெம்பில்லை.

"டாக்டர் திட்டுவாங்களே-க்கா. பாதியில விட்டதுக்கு."

"திட்டட்டும். என்னைத் திட்டட்டும்."

ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற பெண் நிமிர்ந்து பார்க்காமல், "அவசரமா, சாதாரணமா?" என்று கேட்டாள். வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள். வெறுங்காலோடு நின்ற மாஸ்டர் அத்தனை பேர் காதிலும் விழும்படி, "அவசரம். இவனை ஒரு நிமிஷம்கூடத் தனியா விட முடியாது" என்றாள். தம்பி தலையைக் குனிந்துகொண்டான். டோக்கன்காரி எழுந்து வந்து அவர்களை நேராக உள்ளே அழைத்துப் போனாள்.

டாக்டர் இவளைவிடச் சின்னவள். யாரையும் திட்டவில்லை. மாத்திரை எப்போது நின்றது என்று கேட்டாள். "நான்தான் நிறுத்தச் சொன்னேன்" என்று அக்கா சொன்னதையும் எழுதிக்கொண்டாள். விரல் நடுங்கினால் வேறு மாத்திரை இருக்கிறது, அளவைக் குறைக்க வழி இருக்கிறது, வந்து சொல்லியிருக்கலாம் என்றாள். அவ்வளவு சின்ன விஷயமா அது என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டாள்.

"ஜூடோ நல்லதுதாங்க. அது உங்களுக்கு உதவி பண்ணியிருக்கு, பொய் இல்லை" என்றாள் டாக்டர் அவனைப் பார்த்து. "ஆனா இந்த நோய்க்கு அது மட்டும் போதாது. இப்ப ஒண்ணு கேக்கறேன், நேராவே கேக்கறேன். செத்துப்போயிடணும்னு தோணுதா? இப்பவும் தோணுதா?"

இத்தனை மாதத்தில் அவனிடம் இதை யாரும் கேட்டதில்லை. கேட்டால் எங்கே ஆமாம் என்று சொல்லிவிடுவானோ என்று அக்காவே பயந்து, கேட்காமல், பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். இப்போது பயம் வேறு மாதிரி. இல்லை என்று சொல்லி எழுந்துவிடுவானோ, சிரித்து மழுப்பிவிடுவானோ, பிறகு எந்தக் கதவின் முன்னால் போய்த் தட்டுவது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. சனிக்கிழமைகளில் பார்த்த அதே முகம்.

மேசைக்கு அடியில் அவள் இன்னமும் அவன் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். அவனுடைய விரல்கள் மெதுவாக வளைந்து அவள் கைமேல் பட்டன. ஒரு தட்டு. மிக லேசாக. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது.

இரண்டாவது தட்டும் வந்தது.

"ஆமா" என்றான் டாக்டரிடம். "தோணுது. என்னால முடியலைங்க."

சட்டப்படி அவள் கை அந்த நொடியே பிரிந்திருக்க வேண்டும். பிரிய விடாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.